முனைவர் பட்டமும் தாய்மொழியும்: பின்லாந்தின் பட்டறிவு

  

ஒரு மொழி வாழ்கின்றதா தேய்கின்றதா என்று அளந்து காண விரும்புவோர் பெரும்பாலும் தொடக்கப்பள்ளியின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். அங்கு நிற்பது தவறன்று. அடித்தளம் அங்கேதான் உள்ளது. ஆயினும் வீட்டின் உறுதியை அடித்தளத்தை மட்டும் கண்டு முடிவுகட்டிவிட இயலாது. முகட்டிலும் ஏறிப் பார்த்தல் வேண்டும். கல்வி என்னும் வீட்டிற்கு முனைவர் பட்டமே முகடு. உலகம் அதுகாறும் அறிந்திராத ஒன்றை ஒருவன் தானே கண்டு, அதனைச் சொல்லாக்கி, கற்றோர் அவையில் நின்று, எதிர்ப்போர்க்கு விடையிறுத்து நிலைநாட்டும் இடம் அது. அவ்விடத்தில் எம்மொழி ஒலிக்கின்றதோ அம்மொழியே அந்நாட்டின் அறிவுமொழி. பிற மொழி வீட்டுமொழியாகவும் சந்தைமொழியாகவும் ஒப்போலை கேட்கும் மொழியாகவும் இருக்கலாம், அறிவுமொழி ஆகாது.

இவ்வுண்மையை விளக்கிக் காட்ட வல்லது ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து. அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 56 இலக்கம். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகரில் வாழ்வோரினும் அது குறைவு. அவர்தம் மொழியாகிய பின்னியம், ஐரோப்பாவில் பரவியுள்ள பெரும் மொழிக்குடும்பத்தைச் சாராதது. வேரின்மேல் ஈறுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டிச் சொல் வளர்வதில் அது தமிழை நினைவூட்டும். அந்நிலம் 1809 வரை ஏறத்தாழ 600 ஆண்டு சுவீடனின் ஆட்சியில் இருந்தது. பின்னர் உருசியப் பேரரசின்கீழ் ஒரு பெருங்கோமகவையாக இருந்து, 1917 திசம்பர் 6 அன்று விடுதலை பெற்றது.

அந்நாட்டில் உயர்கல்வி தொடங்கியது 1640 இல். சுவீடிய அரசி கிறித்தினாவின் பெயரால் துர்க்கு நகரில் ஒரு கல்விக்கழகம் நிறுவப்பட்டது. அரசிக்கு அப்பொழுது அகவை பதின்மூன்று. ஆணை பிறப்பித்தோர் அவர்க்காக ஆண்டோர். கழகத்தின் மொழி இலத்தீன். ஆட்சியின் மொழி சுவீடியம். மண்ணின் மொழியாகிய பின்னியத்திற்கு அடுக்களையும் வயலும் கோயிலுமே இடம். கோயிலில் அதற்கு இடம் தேடித் தந்தவர் மிக்கேல் அகிரிக்கோலா. அவர் 1543 இல் ஓர் அரிச்சுவடியும், 1548 இல் விவிலியப் புதிய ஏற்பாட்டின் பெயர்ப்பும் அச்சிட்டு அம்மொழிக்கு எழுத்துவாழ்வு கொடுத்திருந்தார். ஆனால் கோயிலில் நுழைந்த மொழி கழகத்தில் நுழைய இன்னும் முந்நூறு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

அக்கால ஆய்வேடு இக்கால ஆய்வேட்டைப் போன்றதன்று. பல வேளைகளில் ஏட்டை எழுதியவர் பேராசிரியர். அதனை அவையில் நின்று காத்துரைத்தவன் மாணவன். புலமையைக் காட்டிலும் இலத்தீனில் சொல்லாடும் திறமே அங்கு முதன்மையாய் அளக்கப்பட்டது. இந்நடைமுறையில் விளைந்த இரண்டு ஏடுகளை நினைத்துப் பார்த்தல் வேண்டும். தானியேல் யுசுலேனியசு என்பார் 1700 இல் துர்க்கு நகரைப் பற்றி ஓர் ஏடு இயற்றினார். பின்னியரின் தொன்மையை வானளாவப் புகழ்ந்து, அவர்தம் மொழி பாபேல் கோபுரக் காலத்தது என்னும் அளவிற்குச் சென்றார். அவர் கூற்றை இன்று மொழிநூலார் ஒருவரும் ஏற்பதில்லை, அஃது இருக்கட்டும். அத்துணைப் பெருமையையும் அவர் எழுதியது இலத்தீனில்! மற்றொருவர் என்றிக்கு காபிரியேல் போர்த்தான். இவர் பெருமை பேசவில்லை; ஆராய்ந்தார். பின்னிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து, அவற்றின் யாப்பையும் இயல்பையும் 1766 முதல் 1778 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டார். பின்னிய இலக்கிய ஆய்வுக்கு அதுவே ஊற்றுக்கண். அதுவும் இலத்தீன் ஏடே. பாடிய உழவனுக்கும் பாட்டிக்கும் அதில் ஒரு வரியும் விளங்கியிராது.

இதைக் கேட்டு நகைப்போர், மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்ந்து 1948 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஏடும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்றது என்பதை நினைந்து நகைப்பை அடக்கிக் கொள்வாராக. குறை அப்பெரும்புலவருடையதன்று, அன்றைய நெறிமுறையினது.

1827 இல் துர்க்கு நகரைப் பெருந்தீ அழித்தது. மறு ஆண்டில் பல்கலைக்கழகம் எல்சிங்கி நகர்க்குப் பெயர்ந்தது. அங்கே 1832 இல் மருத்துவப் பட்டத்திற்காக ஓர் இளைஞர் ஆய்வேடு அளித்தார். பொருள்: பின்னியரின் மந்திர மருத்துவம். மொழி: சுவீடியம். அவ்விளைஞர் எலியாசு இலோன்ரோத்து. அவரே மூன்றாண்டில், ஊர் ஊராய் நடந்து திரட்டிய பாடல்களைக் கோத்துக் கலேவலா என்னும் பெருங்காப்பியத்தை வெளியிட்டவர். தையற்காரரின் மகன், வறுமையில் கற்றவர். கலேவலா 1835 இல் வெளிவந்தபின் பின்னியத்தில் இலக்கியம் இல்லை என்று சொல்வார் வாய் அடங்கிற்று. ஆனால், 'பாட்டிற்கு ஏற்ற மொழி, அறிவியலுக்கு ஏலாத மொழி' என்னும் பழைய வழக்கு மட்டும் அடங்கவில்லை. தமிழர்க்குப் புதிதன்று இவ்வழக்கு!

அவ்வழக்கிற்கு விடை சொன்னவர் பேராசிரியர் அல்லர். யுவாசுகுலா என்னும் சிற்றூரில் இருந்த ஒரு மருத்துவர். வோல்மார் சில்து என்பது அவர் பெயர். நோயாளியைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் சொல்லாக்கத்தில் செலவிட்டார். 'அறி' என்னும் பொருள்படும் பின்னிய வினையடியினின்று 'தியெதே' என்று ஒரு சொல் படைத்தார். அதுவே இன்று அம்மொழியில் அறிவியலைக் குறிக்கும் சொல். 'திறன்' என்னும் பொருளுடைய வேரினின்று 'தைதே' என்னும் சொல்லை ஆக்கினார், அது கலை. சாமுவேல் உரூசு என்னும் வேறொரு மருத்துவர் 1845 இல் மின்சாரத்திற்குச் 'சாஃகோ' என்று பெயரிட்டார். சீறுதலையும் பொறிபறத்தலையும் குறிக்கும் நாட்டுவழக்குச் சொற்களின் ஒலியினின்று பிறந்தது அது. மின்னலினின்று மின்னியலைத் தமிழர் ஆக்கிக்கொண்ட வகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலும் 'எலெக்ட்ரிக்' என்னும் கிரேக்க வேரையே கடன்கொண்டிருக்க, பின்னியர் குழந்தை தன் சொல்லால் மின்விளக்கைக் குறிக்கின்றது. சில்து இன்னொன்றும் செய்தார். 1847 இலேயே, பின்னிய மொழியில் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை வேண்டும் என்று எழுதினார். அன்று பின்னிய மொழியில் ஓர் உயர்நிலைப் பள்ளி கூட இல்லை!

இந்நிலையில் 1850 வந்தது. ஐரோப்பாவெங்கும் 1848 இல் எழுந்த புரட்சிகளைக் கண்டு அஞ்சிய உருசியப் பேரரசன் முதலாம் நிக்கோலாசின் ஆட்சி, பின்னிய மொழியில் சமயநூலும் வாழ்க்கைத் தொழில்நூலும் அல்லாத எதனையும் அச்சிடலாகாது என்று தடை விதித்தது. உழவன் தன் மொழியில் படித்தால் கிளர்ந்தெழுவான் என்பது அச்சம். வியப்பு என்னவெனில், அதே ஆண்டில்தான் அதே ஆட்சி எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பின்னிய மொழிக்கென ஒரு பேராசிரியர் இருக்கையையும் நிறுவியது. ஒரு கையால் அச்சகத்தைப் பூட்டி மறு கையால் இருக்கை வழங்கினர். மொழிக்கு இருக்கை அமைத்துவிட்டால் மொழிக்கு வேண்டிய எல்லாம் செய்தாயிற்று என்று மகிழ்வோர் இதனை ஆழ எண்ணிப் பார்த்தல் நன்று.

அவ்விருக்கையில் முதலில் 1851 இல் அமர்ந்தவர் மத்தியாசு காசுத்திரேன். பின்னியத்தின் உறவு மொழிகளைத் தேடிச் சைபீரியப் பனிவெளியில் அலைந்து உடல்நலம் இழந்தவர். மறு ஆண்டே 38 அகவையில் மறைந்தார். அவர்க்குப் பின் 1853 இல் இலோன்ரோத்து அமர்ந்தார்.

1858 ஆம் ஆண்டைப் பின்னியர் வரலாற்றில் அடிக்கோடிட்டுக் காட்டலாம். அவ்வாண்டில் பிரெட்ரிக்கு போலேன் என்பார், பின்னிய இலக்கிய வரலாற்றுக்கு ஒரு முன்னுரை என்னும் பொருளில் ஆய்வேடு அளித்தார். பின்னிய மொழியில் எழுதப்பெற்ற முதல் ஆய்வேடு அது. கல்விக்கழகம் தோன்றி 218 ஆண்டு கழிந்தபின் மண்ணின் மொழி முகட்டில் ஏறிற்று. போலேன் வெறும் ஏட்டுப் புலவர் அல்லர். 1847 இல் 'சுவோமெத்தார்' என்னும் பின்னிய மொழி இதழைத் தோழரோடு சேர்ந்து தொடங்கி நடத்தியவர். 1850 இன் தடையாணை அப்பொழுதும் முறைப்படி நீக்கப்படவில்லை. அது நீங்கியது 1860 இல்தான். அதே 1858 இல்தான் யுவாசுகுலாவில் முதல் பின்னிய மொழி உயர்நிலைப் பள்ளியும் திறக்கப்பட்டது. பள்ளி எழும் வரை ஆய்வேடு காத்திருக்கவில்லை. ஆய்வேடு வரட்டும் என்று பள்ளியும் காத்திருக்கவில்லை. 'முதலில் கலைச்சொற்கள் எல்லாம் வரட்டும், பிறகு பாடநூல், அதன்பின் பயிற்றுமொழி, எல்லாவற்றிற்கும் கடைசியில் ஆய்வு' என்று வரிசைகட்டிக் காலம் கடத்துவோர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

1863 இல் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர், 20 ஆண்டுக்குள் பின்னியம் அலுவல்மொழியாகச் சுவீடியத்தோடு ஒப்புநிலை பெறவேண்டும் என்று ஆணையிட்டான். அதன் பின்னணியில் நின்றவர் யோகான் வில்லெம் சினெல்மன் என்னும் மெய்யியல் பேராசிரியர். சினெல்மனின் தாய்மொழி சுவீடியம்; அவர் எழுத்துகளும் பெரும்பாலும் சுவீடியமே. கற்றோர் கூட்டம் மக்கள்மொழிக்கு மாறினாலன்றி நாடு நாடாகாது என்று சுவீடியத்திலேயே எழுதிச் சுவீடியம் பேசுவோரை மாற்றியவர் அவர். அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவு 1906 மே 12 அன்று வந்தபொழுது, பின்னியர் பல்லாயிரவர் தம் சுவீடியக் குடிப்பெயர்களை நீக்கித் தாய்மொழிப் பெயர் சூட்டிக்கொண்டனர். சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞராயதும் வேதாசலம் மறைமலையானதும் ஏதோ தமிழரின் தனிக்கிறுக்கு என்பார் இச்செய்தியை அறிவாராக.

ஆணை பிறந்தது, ஆய்வரங்கு உடனே மாறிவிடவில்லை. பேராசிரியர் பெரும்பாலோர் சுவீடிய மொழியினர். நாட்டின் முதல் பெண் முனைவர்களாகிய கரோலினா எசுக்கெலின் 1895 இல் மருத்துவத்திலும், தெக்லா உல்த்தின் 1896 இல் மெய்யியல் துறையிலும் பட்டம் பெற்ற காலத்திலும் மொழிப்பூசல் ஓயவில்லை. மாற்றம் கீழிருந்தே ஏறிற்று. பின்னிய மொழிப் பள்ளிகள் பொதுமக்கள் கொடையால் பெருகின. அவற்றில் பயின்ற உழவர் மக்கள் பல்கலைக்கழக வகுப்பறைகளை நிரப்பினர். இருபதாம் நூற்றாண்டு பிறக்கையில் தொகையில் மிஞ்சினர். விடுதலைக்குப் பின்னும் எல்சிங்கி தயங்கியது. தயக்கத்தைக் கண்ட பொதுமக்கள் தாமே ஒரு பல்கலைக்கழகம் எடுத்தனர். துர்க்குப் பல்கலைக்கழகம் 1920 பிப்பிரவரி 28 அன்று, கலேவலா நாளன்று, நிறுவப்பட்டது. பொருள் கொடுத்தோர் 22,040 பேர். உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் கொடுத்த காசில் எழுந்த முதல் பின்னிய மொழிப் பல்கலைக்கழகம் அது. எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் முதன்மொழி பின்னியமே என்று சட்டம் வந்தது 1937 இல். சுவீடிய மொழியினர்க்கு உரிய பேராசிரியர் இடங்கள் அச்சட்டத்திலேயே காக்கப்பட்டன. சிறுபான்மை மொழியை நசுக்காமல் பெரும்பான்மை மொழியை அரியணை ஏற்றிய அந்நடுவுநிலை போற்றத்தக்கது.

அவ்வரியணையின் அழகை ஆய்வேட்டு அரங்கில் காணலாம். ஆய்வேட்டிற்குப் பின்னியர் இட்ட பெயர் 'வழக்குரை நூல்' என்று பொருள்படுவது. முற்காலத்தில் ஏடு அச்சானதும் அதனைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவர். எவரும் எடுத்துப் படிக்கலாம். இன்றும் அரங்கு நிகழ்வதற்குச் சில நாள் முன்னரே ஏட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் அவ்வாணியின் எச்சமே. குறித்த நாளில் கரிய உடை அணிந்து மூவர் அவைபுகுவர்: ஆய்வாளர், அவையை நடத்தும் காப்பாளர், எதிர்வழக்காடுவோர். ஆய்வாளர் முதலில் தம் ஆய்வைப் பொது அவைக்கு விளங்குமாறு சுருக்கிச் சொல்வார். பின்னர் எதிர்வழக்காடுவோர் பக்கம் பக்கமாய்க் கேட்பார். பல மணி நேரமும் ஆவதுண்டு. அனைத்தும் முடிந்தபின் ஆய்வாளர் அவையை நோக்கி, குறை காண்போர் எவரேனும் இருப்பின் எழுந்து சொல்லலாம் என்று அழைப்பார். வழிப்போக்கரும் எழலாம். மாலையில் எதிர்வழக்காடியவரைப் பெருமைப்படுத்தும் விருந்து. பட்டமளிப்பு விழாவில் முனைவர்க்குத் தொப்பியும் வாளும் அளிப்பர். வாள் உண்மையைக் காக்க என்பர்; தமிழ்நாட்டில் பொன்னாடையோடு நின்றுவிடுகின்றது.

மண்ணின் மொழி இங்ஙனம் முகட்டில் இருந்தது ஏறத்தாழ இரண்டு மூன்று தலைமுறைதான். இனிச் சொல்லவேண்டியது துயரமானது.

1990 ஐ ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேர் அந்நாட்டில் முனைவராயினர். 1995 இல் கல்வி அமைச்சு நாடு முழுதும் ஆய்வுப் பள்ளிகளை ஏற்படுத்தி, ஆய்வாளர்க்குச் சம்பளத்தோடு கூடிய இடங்களை அளித்தது. பழங்காலத்தில் தனியே உழன்று ஐம்பதாம் அகவையில் பட்டம் பெற்றோரும் உண்டு. இப்பள்ளிகளால் இளையோர் நான்காண்டில் முடிக்கலாயினர். 2000 ஆம் ஆண்டில் தொகை ஆயிரத்தைக் கடந்தது. ஆய்வுப் படிப்பிற்குக் கட்டணமும் இல்லை. 2024 இல் மேலும் ஆயிரம் ஆய்வாளரை மூன்றாண்டில் முனைவராக்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. எண்ணிக்கையில் இவ்வளர்ச்சி வியக்கத்தக்கதே.

ஆனால் ஏட்டின் வடிவம் மாறிற்று. முன்பு ஒரே நூலாக எழுதினர். இப்பொழுது இயற்கை அறிவியலிலும் மருத்துவத்திலும் பன்னாட்டு இதழ்களில் வந்த மூன்று நான்கு கட்டுரைகளைக் கோத்து, முன்னே ஒரு தொகுப்புரை சேர்த்தால் ஆய்வேடு. அவ்விதழ்களின் மொழி ஆங்கிலம், எனவே ஏடும் ஆங்கிலம், எதிர்வழக்காடுவோர் அயல்நாட்டினர், எனவே அரங்கும் ஆங்கிலம். அரசு பல்கலைக்கழகங்கட்கு வழங்கும் பொருளும், அவை ஆக்கும் முனைவரின் தொகையையும் வெளியீடுகளின் தரநிலையையும் ஓரளவு சார்ந்தே அமைகின்றது. விளைவு, இன்று பின்லாந்தின் ஆய்வேடுகளில் மிகப் பெரும்பாலன ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. வரலாறு, சட்டம், இலக்கியம், இறையியல் முதலிய சில துறைகளில் பின்னியம் இன்னும் நிற்கின்றது. சில்து கனவு கண்ட யுவாசுகுலாப் பல்கலைக்கழகம் 1966 இல் மெய்யாகவே எழுந்தது. அங்கும் நிலை வேறன்று.

1850 இல் பேரரசன் தடுத்தான். எட்டாண்டில் ஆய்வேடு எழுதிக் காட்டினர். இப்பொழுது எவனும் தடுக்கவில்லை. பின்னியத்தில் எழுத முழு உரிமை உண்டு. ஆணைக்கு எதிராகத் திரளலாம்; பழக்கத்திற்கு எதிராகத் திரள்வது அரிது. அயல்நாட்டு ஆய்வாளர் பலர் அங்கே வந்து பயில்கின்றனர், ஆங்கிலம் இன்றி அவர் எங்ஙனம் கற்பர் என்று கேட்பதும் நேர்மையான கேள்வியே.

இதில் தமிழர்க்கு நேரே தொடர்புடைய ஒன்றும் உண்டு. எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அசுக்கோ பர்ப்போலா, சிந்துவெளி எழுத்து திராவிட மொழியினது என்னும் கொள்கையைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். 2010 இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் செம்மொழித் தமிழ் விருது பெற்றவர். சிந்து எழுத்தைப் பற்றி அவர் 1994 இல் வெளியிட்ட பெருநூல் ஆங்கிலத்தது. பின்னியத்தில் மட்டும் எழுதியிருப்பின் தமிழர் எத்தனை பேர் படித்திருப்பர்? ஆங்கிலத்தால் விளைந்த நன்மையை மறைப்பது ஆய்வாளர்க்கு அழகன்று. ஆனால் அவரே, இந்தியப் பண்பாட்டைப் பற்றி ஒரு பெருந்தொகுப்பைத் தம் மக்களுக்காகப் பின்னிய மொழியில் பதிப்பித்து 2005 இல் வெளியிட்டார். உலகிற்கு ஒரு மொழி, ஊருக்கு ஊர்மொழி, இரண்டிலும் முழு உழைப்பு.

பின்னிய அறிஞர் சோர்ந்துவிடவுமில்லை. 2010 களின் தொடக்கத்தில் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் அனைத்துத் துறைக்கும் பொதுவான கலைச்சொல் வைப்பகம் ஒன்றைத் தொடங்கினர். அந்தந்தத் துறை ஆய்வாளரே தம் துறைச் சொல்லைப் பின்னியத்தில் வரையறுத்து, பிறமொழி நிகர்களோடு பதிகின்றனர். எவரும் கணிப்பொறியில் திறந்து பார்க்கலாம். சொற்களை மொழிப்புலவர் தனியே அமர்ந்து ஆக்கி, அறிவியலார் படியாமலே விடும் அவலம் அங்கில்லை. ஆக்குவோரும் ஆளுவோரும் ஒருவரே.

பின்னியர், பட்டத்தின் பெயரை மட்டும் மாற்றவில்லை. முனைவரை அவர்கள் 'தோஃதோரி' என்றே சொல்கின்றனர். பழைய 'டாக்டர்' தான். மின்சாரத்திற்கும் அறிவியலுக்கும் சொல் கண்டோர் அதனை விட்டுவிட்டனர். தமிழரோ தொல்காப்பியத்து 'முனைவன்' என்னும் சொல்லினின்று 'முனைவர்' என்று ஓர் அருந்தமிழ்ப் பெயரைப் படைத்துக்கொண்டனர். பெயர் தமிழ், தமிழ்த்துறையும் அதனைச் சார்ந்த சில துறைகளும் நீங்கலாக, ஏடு ஆங்கிலம்.

ஆகவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முன் வைக்கத்தக்க கோரிக்கை எளிதில் நிறைவேற்றக் கூடியதே. இயற்பியலோ மருத்துவமோ பொறியியலோ, ஆங்கிலத்தில் அளிக்கப்பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் தமிழில் இருபது பக்க அளவினதாகிய தொகுப்புரை ஒன்று இணைக்கப்பட வேண்டும். ஆய்வாளர் தாமே எழுதியதாக அஃது இருத்தல் வேண்டும். கூலிக்குப் பெயர்த்ததை ஏற்கலாகாது. அவர் ஆண்ட கலைச்சொற்களின் தமிழ்ப்பட்டியல் அதன் ஈற்றில் நிற்க, அப்பட்டியல்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு எவரும் காணுமாறு வைக்கப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வின் முதல் கால்மணி நேரம், ஆய்வாளரின் பெற்றோரும் ஊராரும் அவையில் அமர்ந்திருக்க, தமிழில் நிகழ வேண்டும். புதிய கட்டடமோ புதிய இருக்கையோ இதற்கு வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.